வாரியப்பனின் மூன்றாவது கை

ஜூன் 9, ஞாயிறு

மூன்றாவது படத்தையும் இஸ்மாயில் பாய் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ‘சந்திப்பு’ வார இதழின் ஆசிரியர். நான் அதில் பக்கம் வடிவமைக்கிறவன். கோயமுத்தூரில் இவ்வளவு சின்னப் பத்திரிகை இன்னும் மூச்சு விடுவதே அவருடைய பிடிவாதத்தால்தான். கடைசிப் பக்கத்துக்கு ஒரு கேலிப் பாத்திரம் வேண்டுமாம். வாராவாரம் வர வேண்டும். ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு ‘இது நான் இல்லை’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நான் கொண்டுபோனது தொப்பை, கறுப்புக் கண்ணாடி, விரலெல்லாம் மோதிரம்.

“சென்னி, இவனைப் பாத்தாலே கெட்டவன்னு தெரியுதே. தெரிஞ்சா எவன் இவன்கிட்ட ஏமாறுவான்? நம்மூர்ல ஏமாத்தறவன் எல்லாம் பாக்க எவ்வளவு அடக்கமா இருக்கான்!”

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். வீட்டுக்கு வந்து ஓவியர் வில்வத்தின் ‘மேடை’ தொகுப்பை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளிக்கூட நாளில் எண்ணெய்த் தாளை மேலே வைத்து இந்தப் படங்களை நகலெடுத்துத்தான் என் கை பழகியது. எத்தனையோ முறை பார்த்தவை. இன்றைக்குத்தான் ஒன்று பிடிபட்டது. பாராட்டு விழா, திறப்பு விழா, நினைவேந்தல் என்று எத்தனை மேடை போட்டிருக்கிறார். மேடையில் ஒரு முகம்கூடக் கோணலாக இல்லை. எல்லாம் சாமி படத்து முகங்கள். கைகளில்தான் எல்லாவற்றையும் வைத்திருக்கிறார். மாலை போடுகிற கை கழுத்தை அளக்கிறது. மைக் பிடித்த கை அதை விடாது என்று பார்த்தாலே தெரிகிறது.

யசோதா சாப்பிடக் கூப்பிட்டாள். அப்புறம் வருகிறேன் என்றேன். சாதம் ஆறிவிட்டது.

ஜூன் 12, புதன்

கிடைத்துவிட்டான்.

ஒல்லியாக, உயரமாக, முதுகு லேசாக வளைந்து, எப்போதும் கும்பிட்டபடி நிற்கிறான். தும்பைப்பூ வேட்டி. தோளில் சால்வை. முகத்தில் அப்படி ஒரு பணிவு. இரண்டு கையும் கும்பிட்டுக்கொண்டிருக்க, சால்வைக்கு அடியிலிருந்து மூன்றாவதாக ஒரு கை வெளியே வருகிறது. அது யாருடைய பையிலாவது இருக்கும்.

பெயர் வள்ளல் வாரியப்பன். வாரி வழங்குகிறவனா, வாரிச் சுருட்டுகிறவனா, அவரவர் விருப்பம்.

இஸ்மாயில் பாய் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “வில்வம் வாசனை அடிக்குது. ஆனா நல்லா இருக்கு” என்றார். முதல் வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜூன் 21, வெள்ளி

முதல் படம் வந்துவிட்டது. வாரியப்பன் பிள்ளைகளுக்கு இலவச நோட்டு கொடுக்கிறான், மூன்றாவது கை அவர்கள் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுக்கிறது. மாலைக்குள் எத்தனையோ பேர் போனில் பகிர்ந்துவிட்டார்கள்.

யசோதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“ஏனுங்க, இந்தக் காது எங்க தாளாளர் காது மாதிரியே இருக்குதுங்க.”

அவள் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறாள். அதன் உரிமையாளர் திருமலைச்சாமி. ‘கல்வித் தந்தை’ என்று அவிநாசி ரோடு முழுக்க அவருக்குத் தட்டி வைத்திருப்பார்கள். அவரை நான் ஒரே ஒரு தடவை, அவர்கள் ஆண்டு விழாவில் பார்த்திருக்கிறேன்.

காது எல்லோருக்கும்தான் இருக்கிறது என்றேன்.

ஜூலை 5, வெள்ளி

டீக்கடையில் ஒருவர் இன்னொருவரை ‘போடா வாரியப்பா’ என்று திட்டினார். என் காதால் கேட்டேன். திரும்பிப் பார்த்து, அதை வரைந்தவன் நான்தான் என்று சொல்ல நா துடித்தது. சொல்லவில்லை. இரண்டாவது டீ குடித்தேன்.

வந்த இதழ்களை எல்லாம் வில்வம் ஐயாவுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சென்னையை விட்டு வந்து வடவள்ளியில் மகள் வீட்டில் இருக்கிறாராம். பதில் இல்லை. எழுபத்தாறு வயது, கண் தெரியாமலும் இருக்கலாம்.

அடுத்த வாரத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. கும்பிடு, சால்வை, கை. எத்தனை நாளைக்கு இதையே திருப்புவது?

ஜூலை 14, ஞாயிறு

யசோதா கல்லூரியில் ஆய்வுக் குழு வந்து போயிற்று. ஒரு வாரமாக அவள் வீட்டுக்கு வந்ததே தூங்குவதற்குத்தான். இன்று குளித்து முடித்துத் தலையை ஆற்றிக்கொண்டே சொன்னாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

தண்ணீரில் என்னென்ன உலோகம் கலந்திருக்கிறது என்று அளக்கிற பெரிய கருவி ஒன்று அவர்கள் ஆய்வகத்தில் இருந்தாக வேண்டும். இருப்பதாகத்தான் பல வருடமாகக் கணக்கு. ஆனால் இல்லை. ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் திருமலைச்சாமியின் நாமக்கல் கல்லூரியிலிருந்து லாரியில் வந்து இறங்கியிருக்கிறது. யசோதா, அவளோடு கற்பிக்கிற பரிமளா, ஷாஜிதா மூன்று பேரையும் உள்ளே விட்டு, பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிப் புது ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

“ஒட்டி முடிச்சோம். தாளாளர் வந்தாரு. செருப்ப வெளியவே கழட்டிப் போட்டுட்டு வந்தாருங்க. மிஷினுக்குச் சந்தனம் வெச்சு, பொட்டு வெச்சு, சூடம் காட்டி, ‘ஆத்தா, நாளைக்கு ஒரு நாள் என்ற மானத்தக் காப்பாத்து’ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. ஷாஜிதா என்ற கையக் கிள்ளறா. நேத்துச் சாயங்காலம் பொட்டோடயே லாரி ஏறிப் போச்சு, பொறந்த ஊட்டுக்குப் போற மாதிரி.”

நானும் சிரித்தேன்.

“வெளிய யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அந்த ரூமுக்குள்ள நாங்க மூணு பேருதான் இருந்தோம்.”

சொல்லமாட்டேன் என்றேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

இந்த வாரப் படம் முடிந்தது. இதுவரை போட்டதில் இதுதான் உச்சம்.

ஜூலை 19, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பகல் பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. “நான் வில்வம் பேசறேன்” என்றார். எந்த வில்வம் என்று கேட்டுவிட்டேன், மடையன். எழுந்து நின்றுதான் பேசினேன்.

“மெஷினுக்குச் சூடம் காட்டறானே உன் ஆளு, அந்தப் படத்தைத்தான் காலையிலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். சூடம் காட்டற கையில பயம் இருக்கு. கீழ ஸ்டிக்கரைச் சுரண்டற கையில பயமே இல்ல. ஒரே ஆளுக்கு ரெண்டு குணம், ரெண்டு கையில. எப்படிப்பா தோணுச்சு?”

தானாகத் தோன்றியது ஐயா என்றேன்.

“நான் இதைப் போட்டிருக்கணும்” என்றார். இதே சொற்கள். நான் இதைப் போட்டிருக்கணும். வில்வம் ஐயா என்னிடம் சொன்னார்.

இஸ்மாயில் பாய் எல்லோருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்.

யசோதா இருட்டிய பிறகுதான் வந்தாள். வில்வம் பேசியதை வாசலிலேயே சொன்னேன். கேட்டுக்கொண்டாள். சாப்பிடாமல் படுத்துவிட்டாள். தலைவலியாக இருக்கும்.

ஜூலை 23, செவ்வாய்

தலைவலி இல்லை.

மூன்று பேரையும் நேற்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமையே திருமலைச்சாமி கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். சத்தம்கூடப் போடவில்லையாம். பத்திரிகையை மேசைமேல் விரித்து, “இதுல உங்க மூணு பேருல யாரு ஊட்டுக்காரருங்கம்மா படம் போடறது?” என்று கேட்டாராம். என் ஊட்டுக்காரர்தான் என்று யசோதா சொல்லிவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். மற்ற இரண்டு பேரும் அவளைத் தடுக்கவில்லை என்று அவர்களையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

வேலையில் சேரும்போதே அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம். பத்தாம் வகுப்பு முதல் பிஎச்.டி. வரை யசோதா படித்தது அத்தனையும் அவர்கள் பீரோவில் இருக்கிறது. கேட்டால், ‘தேடிட்டிருக்கோம்’ என்கிறார்களாம்.

“நீங்க போடுவீங்கன்னு நான் நெனைக்கவே இல்லைங்க.”

நான் உன் பெயரைப் போடவில்லையே, கல்லூரியின் பெயரையும் போடவில்லையே, அது பொதுவான கேலி என்று விளக்கினேன். கலை என்றால் எங்கிருந்தாவது எடுக்கத்தான் வேண்டும் என்றேன்.

“பரிமளா ஊட்டுக்காரருக்குப் படமே வரையத் தெரியாதுங்க. அவ எதுக்குப் போகோணும்?”

எல்லாம் திருமலைச்சாமியின் அயோக்கியத்தனம். கோபத்தை அங்கே அல்லவா காட்ட வேண்டும்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

பெருந்துறையில் ஒரு கல்லூரி யசோதாவை எடுத்துக்கொள்கிறது. பத்தொன்பதாம் தேதி சேர வேண்டும், அசல் சான்றிதழ்களோடு. பரிமளாவுக்கும் ஷாஜிதாவுக்கும்கூட வெவ்வேறு இடங்களில் கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே முட்டுக்கட்டை.

இஸ்மாயில் பாய், “எழுதுவோம் சென்னி, பேரு ஊரு எல்லாம் போட்டு எழுதுவோம்” என்கிறார். சான்றிதழ் கைக்கு வராமல் எழுதினால் அது என்றைக்கும் வராது என்று யசோதா சொல்லிவிட்டாள். சமையலறையிலிருந்தே சொன்னாள். இப்போதெல்லாம் என்னிடம் சொல்ல வேண்டியதை அங்கிருந்துதான் சொல்கிறாள்.

இந்த வாரம் வாரியப்பன் சுமார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

திருமலைச்சாமியே ஆள் விட்டுக் கூப்பிட்டார். நான் சண்டைக்குத் தயாராகப் போனேன். அவர் எழுந்து வந்து கும்பிட்டார். முதுகை அதே மாதிரி வளைத்து. நான் வரைந்தவன், எனக்கே சிலிர்த்தது.

அறைச் சுவரில் வாரியப்பன் படங்கள், வந்தது அத்தனையும், சட்டம் போட்டு மாட்டியிருந்தன. மெஷின் படமும்.

“என்னெயத் திட்டறீங்கன்னு பசங்க சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலைங்க. எவ்வளவு பணிவா நிக்கறான் பாருங்க! கோயமுத்தூர்ல சின்னக் கொழந்தைக்கும் இவனத் தெரியுது. நாங்க இருபத்தஞ்சு வருசமா விளம்பரம் பண்றோம், எங்க பேரு அப்படித் தெரியுதுங்களா?”

கல்லூரியின் வெள்ளி விழாவுக்கு வாரியப்பன்தான் சின்னமாம். பேனர், சட்டை, சாவிக்கொத்து எல்லாவற்றிலும். அவனைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டதாக நான் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்தாம் தேதி மேடையில் வைத்தே.

“கொஞ்சம் மாத்தி வரையோணும். அதுக்குப் பெரியவரு ஒருத்தரு ஒத்துக்கிட்டாரு. வில்வம்னு. கேள்விப்பட்டிருப்பீங்க.”

யசோதாவின் சான்றிதழ் என்று மட்டும் கேட்டேன்.

“அட, அது எங்க போயிரும்? அன்னைக்கே கையில குடுக்கச் சொல்றேனுங்க.” சால்வையைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

ஆகஸ்ட் 10, சனி

வடவள்ளி போனேன். வில்வம் ஐயா லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். மேசையில் வாரியப்பன் காய்ந்துகொண்டிருந்தான். அதே உயரம், அதே கும்பிடு. மூன்றாவது கை இல்லை. சால்வை மட்டும் காற்றில் விரிந்திருந்தது, பிள்ளைகள் அதன் கீழ் நிழலுக்கு ஒதுங்கியிருந்தார்கள். என்ன கோடு! நான் இரண்டு மாதம் வரைந்ததை ஒரே மூச்சில் தாண்டிப் போயிருந்தார். அழகாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“ஐயா, அந்த ஆளு யாருன்னு தெரியுமா?”

“தெரியும். நீ யாரைப் போட்டேன்னும் தெரியும். நான் ‘மேடை’யில போட்டவங்க எல்லாம் என்ன பண்ணாங்கன்னு நினைக்கறே? மூலப் படத்தை என்கிட்டயே வாங்கிட்டுப் போய் அவங்கவங்க ஹால்ல மாட்டினாங்க. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட காமிச்சுச் சிரிப்பாங்க. வலிச்சவன் ஒருத்தனைக்கூட நான் பாக்கல.”

“நீங்க முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே?”

“பதினஞ்சு வருஷமா ஒருத்தரும் என்கிட்ட படம் கேக்கல தம்பி. இவன் காரை அனுப்பிக் கேட்டான்.”

மூன்றாவது கையை ஏன் எடுத்தீர்கள் என்றேன். தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னார்: “அது ஒண்ணுதான் உன்னோடது. மிச்சம் எல்லாம் என்னோடது. முதுகு, வேட்டி, மூஞ்சி, எல்லாம் நான் எண்பத்தி மூணுல போட்டது. என்னோடதை நான் எடுத்துக்கிட்டேன்.”

மகள் காப்பி கொண்டுவந்தார். குடித்தேன். பஸ்ஸில் வரும்போது நிறுத்தம் தவறி காந்திபுரம் வரை போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

யசோதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வில்வம் கடைசியாகச் சொன்னதைத் தவிர.

“கையெழுத்துப் போடறது உங்க இஷ்டமுங்க. அவன் உங்க பொம்மை. ஆனா போடறதா இருந்தா மூணு பேரு சர்டிபிகேட்டும் கேளுங்க. எனக்கு மட்டும்னா எனக்கு வேண்டாம்.”

“அப்போ பெருந்துறை வேலை?”

“போனாப் போகுது. மூணு பேருக்கும். சொல்லிப்போட்டேன்.”

சரி என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம் முடிந்து விழா. ஐந்தாயிரம் பேர் இருப்பார்கள். வாசலில் ஒரு பையன் வாரியப்பன் வேடம் கட்டி, பஞ்சு அடைத்த தலையோடு வருகிறவர்களை எல்லாம் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் அவனோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

மேடையில் என் நாற்காலி வில்வம் ஐயாவின் பக்கத்தில். அவர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். என் பெயரைச் சொன்னதும் கைதட்டல் நிற்க நேரமாயிற்று. கையெழுத்துப் போட்டேன். திருமலைச்சாமி பொன்னாடை போர்த்தினார். வில்வம் ஐயா மைக்கில், “இந்தத் தம்பி என் வாரிசு” என்றார். போட்டோ எடுத்தார்கள்.

கீழே இறங்கியதும் அலுவலக மேலாளர் ஒரு உறையைக் கொடுத்தார். யசோதாவுடையது. மற்ற இரண்டையும் பற்றிக் கேட்கத்தான் இருந்தேன். சுற்றிலும் கூட்டம். ஒரு பெண் கையெழுத்து வாங்க நோட்டை நீட்டினாள். பெரிய மனிதர்கள் இருக்கிற இடத்தில் அதைப் பேசுவது முறையாகவும் படவில்லை. திரும்பிப் பார்த்தபோது மேலாளர் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

எல்லாம் யசோதாவுக்காகத்தான். இல்லையென்றால் அந்தப் படியில் கால் வைத்திருப்பேனா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

உறையைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அடுக்கி, மறுபடி உள்ளே வைத்தாள்.

“பரிமளாவோடது?”

அப்புறம் தருவதாகச் சொன்னார்கள் என்றேன்.

“யாரு சொன்னாங்க?”

நான் பதில் சொல்வதற்குள் காலைப் பத்திரிகையை எடுத்து என் முன்னால் போட்டாள். மூன்றாம் பக்கத்தில் படம். திருமலைச்சாமி, வில்வம், நடுவில் நான்.

“கல்யாணத்துல கூட நீங்க இப்படிச் சிரிக்கலைங்க.”

உறையை எடுத்துக்கொண்டு பரிமளா வீட்டுக்குப் போனாள். அங்கேயே சாப்பிட்டுவிட்டாள் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

யசோதா பெருந்துறையில் சேர்ந்துவிட்டாள். வேண்டாம் என்றவள் எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்கவில்லை. பரிமளாவும் ஷாஜிதாவும்தான் போகச் சொன்னார்களாம். ‘ஒருத்தி கையாவது கட்டு இல்லாம இருக்கட்டும்’ என்றார்களாம்.

கோபியில் அம்மா வீட்டில் இருந்து போய்வருவது சுலபம் என்று இரண்டு பெட்டியில் துணி எடுத்துப் போனாள். இங்கிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவது சிரமம்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கல்லூரியின் வக்கீலிடமிருந்து கடிதம். வாரியப்பனையோ அவனைப் போன்ற தோற்றமுள்ள எவனையுமோ நான் இனி வரையக் கூடாதாம். இஸ்மாயில் பாய் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். திட்டவில்லை. “கடைசிப் பக்கத்துக்கு ராசிபலன் போட்டுரு” என்றார். திட்டியிருக்கலாம்.

வில்வம் ஐயாவுக்குப் போன் செய்தேன். மகள் எடுத்து, அப்பா வேலையாக இருக்கிறார் என்றார். நிறைய வேலை வருகிறதாம்.

செப்டம்பர் 4, புதன்

பக்கம் முடிக்கும் நாள். காலையில் இஸ்மாயில் பாய் கடைசிப் பக்கத்துக்கு என்று தட்டச்சு செய்த கட்டுரை ஒன்றைக் கொடுத்தார். யசோதா எழுதியது. மூன்று பேரும் பல்கலைக்கழகத்துக்கும் கலெக்டருக்கும் புகார் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியாது.

கேலி ஒன்றும் இல்லை. லாரி எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கருவி, ஸ்டிக்கரை ஒட்டியது யார் யார். ‘அதை ஒட்டிய கைகளில் என்னுடையதும் ஒன்று. அதற்கு என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறாள். இன்னும் இரண்டு பேருடைய சான்றிதழ்கள் பீரோவில் இருக்கின்றன என்று பெயர் போட்டு எழுதியிருக்கிறாள். திருமலைச்சாமி பெயர் முழுதாக இருக்கிறது. சூடம் காட்டியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

“பெருந்துறையில தெரிஞ்சா வேலை போயிருமே பாய்?”

“யசோதாவே அங்க சொல்லிட்டாங்களாம். அவங்க யோசிச்சுச் சொல்றோம்னாங்களாம்.”

இதற்குப் படம் ஏதாவது போடட்டுமா என்று கேட்டேன். வேறு பெயரில்கூடப் போடலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேண்டாம் சென்னி. மூணு பேரும் நிக்கற போட்டோ குடுத்திருக்காங்க, அது போதும்.”

போட்டோவை வைத்தேன். எங்கோ பஸ் நிறுத்தத்தில் எடுத்தது. மூன்று பேரும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கட்டுரையை இரண்டு பத்தியாக ஓடவிட்டேன். எழுத்துப் பிழை திருத்தினேன். அதிகம் இல்லை. கடைசியில் பெயர் ‘ப. யசோதா’ என்று இருந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் எங்கேயும் ‘செ. யசோதா’தான், ரேஷன் அட்டை முதல் வங்கி வரை. தட்டச்சில் நேர்ந்த தவறு என்று நினைத்து ‘செ’ என்று திருத்தினேன்.

இஸ்மாயில் பாய் கடைசிப் பார்வை பார்க்க வந்தவர் அந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

“இது பிழை இல்ல சென்னி. கையாலயே எழுதிக் குடுத்திருக்காங்க. அவங்க அப்பா பேரோட முதல் எழுத்து. பழையபடி மாத்திரு.”

மாற்றினேன். பக்கம் அச்சுக்குப் போயிற்று.